அண்ணன் அச்சடித்த என் டைரி

அப்பா இறந்து ஒரு வருஷம் முடிந்த தெவசத்துக்காகக் கடலூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினேன். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. இரண்டு நாள் லீவு கேட்டு ஒரு நாள்தான் கிடைத்திருந்தது. விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் வரிசையாக இருக்கும் பக்கத்தில்தான் எங்கள் வீடு. அப்படி ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில்தான் அப்பா வேலை பார்த்தார். வாசலில் ஷாமியானா கட்டி பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அப்பாவின் ஒரே தங்கச்சி, மங்கலம்பேட்டை அத்தை, முன்வரிசையில் உட்கார்ந்து மடியில் ஒரு சின்னப் புத்தகத்தை விரித்து வைத்து அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள்.

"என்னமா எழுதியிருக்கற கண்ணு. எங்கண்ணன உசுரோட கொண்டாந்து நிறுத்திட்டியே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எதையும் எழுதி யாருக்கும் கொடுத்ததில்லை. அண்ணன் உள்ளேயிருந்து வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தான். கையில் ஒரு கட்டுப் புத்தகம். மேலே இருந்ததை உருவி என்னிடம் நீட்டினான்.

"சொல்லாம வெச்சிருந்தேன் பாப்பா. எப்புடி இருக்குதுன்னு பாரு."

அட்டையில் அப்பா. கம்பெனி அடையாள அட்டைக்காக எடுத்த படத்தைப் பெரிதாக்கி, பின்னால் மேகமும் பக்கத்தில் குத்துவிளக்கும் கம்ப்யூட்டரில் சேர்த்திருந்தார்கள். உதட்டுக்குக் கொஞ்சம் சிவப்பு ஏற்றியிருந்தது. மேலே 'எங்கள் தெய்வம்' என்று போட்டிருந்தது. கீழே, 'ஒரு மகளின் டைரியிலிருந்து'.

அந்த மகள் நான்தான்.

ஆறாம் வகுப்புப் படிக்கும்போது எழுதிய டைரி அது. பீங்கானுக்குச் சாயப்பொடி விற்கிற ஒரு கம்பெனி அப்பாவின் முதலாளிக்கு இலவசமாகக் கொடுத்தது. வருஷம் முடிந்து அவர் தூக்கிப்போட்டதை அப்பா எடுத்து வந்தார். முடிந்துபோன வருஷத்தின் தேதிகளை அடித்துவிட்டு நானே புதுத் தேதி எழுதிக்கொண்டேன். தினமும் ஐந்து வரி எழுதினால் கையெழுத்து அழகாகும் என்று தமிழ் டீச்சர் சொல்லியிருந்தார். அதனால் ஐந்து வரி. குறைந்ததும் இல்லை, கூடினதும் இல்லை. சொல்ல ஒன்றும் இல்லாத நாளில், 'இன்று சாம்பார்' என்பதையே ஒரு வரியாக எழுதுவேன். வீட்டுக் கொல்லையில் கம்பெனிக்கு உதவாத பொம்மை அச்சுகளைக் கொட்டி வைத்திருப்பார்கள். அதன்மேல் உட்கார்ந்துதான் எழுதுவது. எழுந்தால் பாவாடையெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருக்கும். பிறகு படிப்பு, வேலை என்று ஊரைவிட்டுப் போனபோது அதைத் தகரப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். எப்போதாவது நினைப்பு வரும். அடுத்த தடவை போகும்போது எடுக்க வேண்டும் என்று நினைப்பேன். எடுத்ததில்லை.

அண்ணன் கொடுத்த புத்தகத்தைப் பிரித்தேன்.

'இன்று அப்பா என்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து ஜங்ஷனுக்கு அழைத்துப் போனார். கூட்ஸ் வண்டி பார்த்தோம். அப்பா எனக்குப் பொரி உருண்டை வாங்கித் தந்தார்.'

அந்தச் சைக்கிள் பாரில் எனக்காக ஒரு துண்டைச் சுற்றி வைத்திருப்பார். கொஞ்ச தூரத்திலேயே கால் மரத்துப் போகும். அவர் சட்டையிலிருந்து ஈரமண் வாசனை வரும். பெட்டிகளை எண்ணச் சொல்லுவார்; நான் தப்பாக எண்ணினால் சிரிப்பார். எல்லாம் அப்படியே வந்தது. ஒரு வருஷமாக அப்பாவை நினைத்து ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாதவள், ஷாமியானாவுக்குக் கீழே நின்று துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தேன். அத்தை என் முதுகைத் தடவினாள்.

கண் அடுத்த வரிக்குப் போனது. அங்கே வரி இல்லை. ஒரு ரோஜாப்பூ படம் இருந்தது.

ஐந்து வரி எழுதியவள் நான். இங்கே மூன்றுதான் இருந்தன. மீதி இரண்டும் என்ன என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எழுதிய கைக்குத் தெரியும். 'பிறகு என்னைச் சைக்கிளோடு சாராயக் கடை வாசலில் நிற்கவைத்துவிட்டு உள்ளே போனார். இருட்டியும் வரவில்லை, நான் வழி கேட்டு நடந்து வந்தேன்.'

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

'இன்று ஞாயிறு. அப்பா கம்பெனியிலிருந்து எனக்கு மயில் பொம்மை கொண்டுவந்தார். கழுத்து நீல நிறம். எனக்கு மிகவும் பிடித்தது.'

அதன் கீழே ஒரு புறா பறந்தது. என் ஐந்தாவது வரி, 'மத்தியானம் அதை எடுத்து அம்மாவை அடித்தார், பொம்மை உடையவில்லை, அம்மா நெற்றி உடைந்தது.'

இன்னொரு பக்கத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல். நான் கஞ்சி கொடுக்கிறேன், அவர் என் தலையைத் தடவுகிறார். அதற்குக் கீழே ஒரு அகல் விளக்கு. அந்த விளக்கு இருந்த இடத்தில் நான் எழுதியிருந்தது, 'அப்பாவுக்கு இன்னும் ஒரு மாதம் காய்ச்சல் அடிக்க வேண்டும், வீடு நன்றாக இருக்கிறது.'

முதல் கோபம் அண்ணன்மேல்கூட இல்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் அழுதேனே, அந்த அழுகைமேல்தான். என்னை வைத்தே என்னை ஏமாற்றியிருந்தார்கள். பத்து வயதில் பென்சிலைக் கடித்துக்கொண்டு உண்மையைத் தவிர வேறு எதையும் எழுதத் தெரியாமல் எழுதிய பிள்ளையைக் கூட்டி வந்து, வாயைப் பொத்தி, பாதி மட்டும் பேசவைத்து, அதைக் கேட்டு ஊரே உருகிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையாக இருந்த நானும் உருகிவிட்டேன்.

உள்ளே போனேன். அம்மா அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். இடது புருவத்துக்கு மேலே அந்த வெள்ளைக் கோடு வேர்வையில் பளபளத்தது. குழாயடியில் வழுக்கி விழுந்தது என்று எல்லோருக்கும் சொல்லப்பட்ட கோடு.

"அந்தப் பொஸ்தகத்தப் பாத்தியாம்மா?"

"பாத்தேன்" என்றாள். எண்ணெயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்பறம் பேசிக்கலாம். சொந்தக்காரவங்க வந்திருக்கறாங்க."

படையல் போட்டார்கள். கற்பூரம் காட்டுவதற்கு முன்னால் அப்பாவோடு சூளையில் வேலை பார்த்த ஒரு பெரியவர் எழுந்து, "அந்தப் பொண்ணையே ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கப்பா. அது வாயால கேட்டா அவுரு ஆத்மா குளுந்துரும்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரோ மயில் பொம்மைப் பக்கத்தைத் திருப்பி என் கையில் வைத்தார்கள்.

"நான் எழுதுனது இது இல்ல" என்றேன்.

அண்ணன் சிரித்தான்.

"ஸ்பெல்லிங்கு மட்டும் திருத்துனோம் மாமா. 'மழை பேய்தது'ன்னு எழுதி வெச்சிருந்தா."

எல்லோரும் சிரித்தார்கள். மழை பேய்தது என்று எழுதிய சின்னப் பிள்ளையை எல்லோருக்கும் பிடித்திருந்தது. கற்பூரம் காட்டினார்கள்.

சாப்பாட்டில் அத்தை என் பக்கத்து இலை. அவளுக்கு என் அப்பா என்றால் உயிர். பாயசத்தை வழித்துக்கொண்டே, "அந்த மயிலு பொம்ம எழுதுனது பாரு, அதப் படிக்கறப்ப எனுக்கு நெஞ்சே வெடிச்சிருச்சி" என்றாள்.

என்னால் அடக்க முடியவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். "அதுக்குக் கீழ ஒரு வரி இருந்துச்சி அத்த. அந்தப் பொம்மயால அப்பா அம்மாவ அடிச்சாரு. அதையும் எழுதியிருந்தேன். அண்ணன் எடுத்துட்டான்."

அத்தை விரலை நக்கினாள். அதிர்ச்சி இல்லை, ஒன்றும் இல்லை.

"எனுக்குத் தெரியாதா கண்ணு. உங்கம்மா அன்னிக்கி ஒரு கையால துணிய அழுத்திப் புடிச்சிக்கிட்டு பஸ்ஸேறி எங்க வூட்டுக்குத்தான வந்தா. நான்தான் மஞ்சத்தூளு வெச்சிக் கட்டி வுட்டேன். யாரு கேட்டாலும் குழாயடில வழுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லுன்னு சொல்லிக் குடுத்து, சாயந்தரம் நானே கொண்டாந்து வுட்டுட்டுப் போனேன்."

பெருமையாகச் சொன்னாள். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய பெருமை. "அதெல்லாம் போட்டு எழுதலாமா? நல்லத மட்டும் எடுத்துக்கணும்."

இலையை மூடிவிட்டு எழுந்தேன். இந்த ஷாமியானாவுக்குக் கீழே எத்தனை பேருக்குத் தெரியும் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சத்தம் கேட்டிருக்கும். சூளைக்காரப் பெரியவர் சம்பள நாளில் அப்பாவோடு அதே கடையில் உட்கார்ந்தவர். எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் அழுதார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு பொய்யில்லை; சேர்ந்து உட்கார்ந்து மறக்க ஒரு சாக்கு. அதற்கு என் ஐந்து வரி டைரி தோதாகக் கிடைத்திருந்தது.

அண்ணனிடம் டைரி எங்கே என்று கேட்டேன். "டிடிபி சென்டர்ல இருக்குது. நாளைக்கி வாங்கிக்கலாம். இப்ப எதுக்கு?" என்றான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பாலக்கரைப் பக்கம் மாடியில் இருந்தது அந்தக் கடை. சுவரெங்கும் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள். ஒரு பெண் பிள்ளையின் மஞ்சள் நீராட்டு பேனருக்குப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள் டைப் அடிக்கிற பெண். கரண்ட் போயிருந்தது. யூபிஎஸ் கீகீயென்று கத்திக்கொண்டிருந்தது. நான் யார் என்று சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது.

"நீங்கதான் அந்த டைரி அக்காவா? முழுசா நான்தான் அடிச்சேங்க்கா. அப்பறம் அண்ணன் வந்து பக்கத்துல ஒக்காந்து, இது வேணாம், இத எடுன்னு சொன்னாரு. எடுத்தா எடம் காலியா தெரிஞ்சிது. எதனா பூவு கீவு வெய்யின்னாரு." சிரித்தாள். "ரோஜாப்பூ நானே தேடிப் புடிச்சிப் போட்டேங்க்கா. நல்லா இருந்திச்சா?"

அவளிடம் என்ன சொல்ல? அவள் செய்தது அவள் வேலை. "நல்லா இருந்திச்சிம்மா" என்றேன். அலமாரியிலிருந்து டைரியை எடுத்துத் தந்தாள்.

மெரூன் கலர் அட்டை. ஓரத்தில் கறையான் கொஞ்சம் தின்றிருந்தது. ஆட்டோவில் உட்கார்ந்து திறந்தேன். பழைய காகிதத்தின் அந்தப் புளித்த வாசனை. ரிப்பன் தொலைந்து அழுதது. கணக்கில் எழுபத்திரண்டு வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுபத்தொன்று வாங்கியது. மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்து நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தது. இன்று சாம்பார். இன்று சாம்பார். இன்று சாம்பார் இல்லை, ரசம். என்னையறியாமல் சிரித்துவிட்டேன். பக்கத்தைத் திருப்பினால் அண்ணனின் நீலப் பேனா. வேண்டாத வரிகள்மேல் ஸ்கேல் வைத்து நேராகக் கோடு இழுத்திருந்தான். ஒவ்வொன்றும் அத்தனை சுத்தமான கோடு. காய்ச்சல் பக்கத்தில் மட்டும் ஸ்கேல் இல்லை. பேனா முனை காகிதத்தைக் கிழித்து அடுத்த பக்கம்வரை போயிருந்தது.

கம்ப்யூட்டரில் எடுத்தால் எடுத்துவிட்டுப் போ. அச்சில் வேண்டாம் என்றால் வேண்டாம். டைரியில் எதற்கடா கோடு போட்டாய்? அது என்னுடையது இல்லையா? அந்த வீட்டில் என்னுடையது என்று இருந்தது அது ஒன்றுதான்.

திரும்பி வந்தபோது சொந்தக்காரர்கள் போயிருந்தார்கள். அண்ணன் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறவன் அவன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம். டைரியைக் காட்டிக் கேட்டேன்.

"யாரக் கேட்டு இதப் பண்ண?"

"வெள்ளையடிக்கறப்ப பரண்ல கெடச்சிது. படிச்சேன் பாப்பா. ரெண்டு நாளு கடையத் தொறக்கல. அழுதுட்டேன்."

"கோடு போட்டதுக்கு முன்னால அழுதியா, அப்பறமா?"

அவன் முகம் மாறியது. "செத்தவங்களப் பத்தி அதெல்லாம் போடுவாங்களா? ஊரு என்னா பேசும்?"

"ஊருக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. அத்தைக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சா? ஒனக்கு என்னா, நீ பஸ்ஸேறிப் போயிடுவ. நான் இங்கியே கடை வெச்சிருக்கறேன். குடிகாரன் மவன், குடிகாரன் மவன்னு எத்தினி வருசம் கேட்டேன் தெரியுமா? இன்னிக்கித்தான் மொத மொதல்ல நாலு பேரு என் கையப் புடிச்சிக்கிட்டு, ஒங்கப்பா எம்மாம் நல்லவருன்னு சொன்னாங்க. அதக் கேக்கக் கூடாதா நானு?"

"அதுக்கு எம் பேருதான் கெடச்சிதா? நீ எழுதிக்க வேண்டிதான. எங்கப்பா தெய்வம்னு ஒங் கையால எழுதிக்க. யாரு வேணாம்னா?"

"எழுத எனுக்கு என்னா இருக்குது?" என்றான். குரல் உடைந்துவிட்டது. "அந்தச் சைக்கிள்ல என்னிய ஒரு நாளாவது ஏத்தியிருக்கறாரா? நீ எழுதுனதப் படிச்சாத்தான் நானும் ஜங்ஷனுக்குப் போயிட்டு வந்தாப்பல இருந்திச்சி."

அவன் விடவில்லை.

"ஒண்ணு கேக்குறேன், சொல்லு. அந்த டைரில நான் அடி வாங்குனது எங்கனா இருக்குதா? மொதல்லேருந்து கடசி வரைக்கும் படிச்சேன். அம்மா அடி வாங்குனது இருக்குது. நீ கடை வாசல்ல நின்னது இருக்குது. என்னியச் சைக்கிள் டியூப்பால உரிச்சானே, அது ஒரு எடத்துல இருக்குதா?"

இல்லை. எனக்கு உடனே தெரிந்தது, இல்லை. என்னைவிட மூன்று வயது பெரியவன். ஸ்கூலிலிருந்து வர நேரமானால் அடி, வந்து படுத்தால் அடி, அம்மாவுக்குக் குறுக்கே வந்தால் இரண்டு பங்கு அடி. அது தினமும் நடந்தது. மழை பெய்தால் எழுதுவேன். வெயில் அடித்தது என்று யாராவது எழுதுவார்களா?

"நீயும் வுட்டுட்டுத்தான எழுதின? நானும் வுட்டுட்டுத்தான் போட்டேன்."

"எனுக்கு அப்ப பத்து வயசு" என்று கத்தினேன். "ஒனக்கு முப்பது ஆவப்போவுது. ரெண்டும் ஒண்ணா? நான் மறந்து வுட்டேன். நீ தெரிஞ்சி ஸ்கேலு வெச்சி அடிச்சிருக்கற. அடி வாங்குனவன் நீயே அடிச்சவனுக்கு மேகமும் வெளக்கும் வெக்கிறியே, ஒனக்கு ரோஷமே இல்லியா?"

அவன் கையிலிருந்த நாற்காலியைச் சுவரில் ஓங்கி அடித்தான். கால் ஒன்று உடைந்து பறந்து போய் விழுந்தது.

அம்மா அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. அப்பா சத்தம் போடும்போது அப்படித்தான் நிற்பாள். அண்ணனும் அதைப் பார்த்தான். உடைந்த நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவின் தோள் இறங்கியது. பேசினாள். நான் அதுவரை கேட்டிராத குரல்.

"ஏண்டா, அடி வாங்குனவ நானு. எம் புருசனப் பத்திப் பொஸ்தகம் போட்டியே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? எனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா? பஸ்ஸு போர்டு படிக்கல? எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி நாலு நாளா படிச்சேன். பூவு வெச்ச எடத்துலல்லாம் என்னா இருந்திருக்கும்னு ஒனக்கு முன்னாடி எனுக்குத் தெரியும்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மா என் பக்கம் பேசுகிறாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீ மட்டும் என்னாடி? எல்லாத்தையும் எழுதிப் பொட்டில போட்டுப் பூட்டிட்டு கடலூரு போயிட்ட. அவன் கோடு போட்டு அடிச்சிட்டான்னு இப்பக் குதிக்கிற. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, வலிக்குதாம்மான்னு எங்கிட்டக் கேட்டியா? எழுதுறதுக்கு ஒனக்கு நானு, தூக்கிப் போடுறதுக்கு அவனுக்கு நானு."

அம்மா மூலையில் இருந்த புத்தகக் கட்டைக் கையால் காட்டினாள்.

"அந்தக் கட்ட எடுத்துக்கிட்டுப் போயி ஒங் கடையில வெச்சிக்க. எம் மூஞ்சிக்கு முன்னால இருக்கக் கூடாது" என்று அண்ணனிடம் சொன்னாள். பிறகு உள்ளே போய்த் துணிப்பையில் இரண்டு புடவையும் அவள் பிரஷர் மாத்திரையும் வைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்து, "வா போலாம். பஸ்ஸு இருக்கும்" என்றாள்.

அப்பா உயிரோடு இருந்தபோது அவள் கிளம்பியிருக்க வேண்டும். பையோடு, பிள்ளைகளோடு, எத்தனையோ முறை. ஒரு முறை கிளம்பினாள், அன்றைக்கே கொண்டு வந்து விட்டுவிட்டார்கள். இப்போது தடுக்க அத்தையும் இல்லை, பயப்பட ஆளும் இல்லை. கிளம்புவதற்கு அவள் தெவசம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் நறநறக்கிறது.

கடலூரில் என்னுடைய ஒற்றை அறையில் அம்மா ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தாள். டைரி அங்கேதான் அலமாரியில் கிடந்தது. ஒருநாளும் அதைக் கேட்கவில்லை. நான் ஒருமுறை படித்துக் காட்டட்டுமா என்று கேட்டதற்கு, "எனுக்கு எதுக்கு? பட்டவளுக்குப் படிச்சிக் காட்டப் போறியா?" என்றாள். வலித்ததா என்று கேட்டேன். "இப்பக் கேக்குற" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். அன்று ராத்திரியோ மறுநாளோ அவள் வந்து மனம் திறந்து பேசினாள் என்றெல்லாம் ஒன்றும் இல்லை.

அண்ணன் ஒரு மாதம் கழித்து வந்தான். அம்மாவின் கண்ணாடியையும் ரேஷன் கார்டு நகலையும் கொண்டுவந்து கொடுத்தான். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சாப்பிட்டான். போகும்போது, மீதிப் புத்தகங்கள் கடையில் இருக்கின்றன, கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன், கேட்காதவர்களுக்குக் கொடுப்பதில்லை என்றான். அதுவே அவன் இறங்கி வந்ததாக அவனுக்கு நினைப்பு. கேட்கிறவர்கள் நிறைய இருந்தார்கள். சொந்தத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் டிவி மேல் அந்த மேகமும் விளக்கும் இருக்கும். 'நீ எழுதுனதுதான்' என்று எனக்கே எடுத்துக் காட்டுவார்கள். அது பாதிதான் என்று நான் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். மீதியையும் சொன்னேன். சில வீடுகளில் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அண்ணன்மேல் இருந்த கோபத்தில் பாதி, அவனுடைய டியூப்படியை நினைத்தால் கரைந்துவிடுகிறது. மீதிப் பாதி கரையவில்லை. அப்பாமேல் இருப்பது ஒரு பிடிகூடக் குறையவில்லை. செத்தவர்மேல் என்ன கோபம் என்கிறார்கள். உயிரோடு இருந்தவர்மேல் கோபப்பட எங்களை யார் விட்டார்கள்?

அடுத்த வருஷ தெவசத்துக்கு நானும் அம்மாவும் போகவில்லை. அன்று எனக்கு வேலை முடிந்ததும் அம்மாவைச் சில்வர் பீச்சுக்குக் கூட்டிப் போனேன். கடலூருக்கு வந்து ஒரு வருஷமாகியும் அவள் அதற்கு முன் கடலைப் பார்த்ததில்லை. கரையில் தள்ளுவண்டியில் மிளகாய்த்தூள் தடவிய மீனை எண்ணெயில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்த வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"எனுக்கு அது வாங்கு."

"இன்னிக்கி தெவசம்மா."

"தெரிஞ்சிதான் கேக்குறேன்."

பெரிய துண்டாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து நிதானமாகச் சாப்பிட்டாள். பாதியில் என் செல்போன் அடித்தது. அண்ணன். படையல் போட்டுவிட்டதாகவும் அம்மாவிடம் பேச வேண்டும் என்றும் சொன்னான். போனை அவள் காதில் வைத்தேன். அவன் சொல்வதைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"சாப்ட்டுக்கிட்டு இருக்கறேன்" என்றாள். "அப்பறம் பேசு."